லேசாக்கிய பிரேக் மிதி

வில்லியனூரில் மாட்டுக் கொட்டகையைப் பட்டறையாக்கி, கார்களுக்குக் கனமில்லாத சாமான்கள் செய்துவந்த வேதாசலம், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மனைவிக்கு அவசரமாக எழுதினான்.

“அஞ்சலாட்சி, சைக்கிள எடுத்துக்கினு பாகூர் போறேன். கொட்டகைச் சாவி உரலுக்குப் பின்னால இருக்குது. குழம்பச் சுட வச்சிட்டேன். நடவுலேர்ந்து வந்ததும் சாப்டு, எனக்காகக் காத்துக்கினு இருக்காத. அங்க கல்யாணத்துக்குப் போன மிராசுதார் காரு, வழியில என் கண்ணுல படாம இந்தப் பக்கம் வந்துட்டா, நிறுத்தி வையி. யார் கத்துனாலும் நகர வுடாத.”

அதற்குமேல் எழுதக் கை கூசியது. அந்தக் காருக்காக அவன் செய்த அலுமினிய பிரேக் மிதியை நேற்று கையில் வாங்கிப் பார்த்தவள், “இன்னாங்க, இத்தினி ஓட்ட போட்டா தாங்குமா?” என்றாள்.

“நீ சோறு வடிக்கிற வேலயப் பாரு” என்று எரிந்து விழுந்தான்.

விடிந்ததும் அதைக் காரில் மாட்டி அனுப்பிவிட்டான். பிறகுதான், அதனோடு சேர்த்து வார்த்த இன்னொன்றைச் சும்மா மிதித்துப் பார்த்தான். முருங்கைக் கிளை போல முறிந்தது.

“நீ சொன்னது சரி. அது தாங்காது” என்று எழுதி, தாளைச் சோற்றுப்பானை மூடிக்கடியில் செருகினான்.

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். தாளில் இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினான்.

“டிரைவருக்குக் காய்ச்சல். இன்னிக்கு வண்டிய ஓட்டிக்கினு போனது உன் தம்பி.”