மற்றப் பக்கத்துக் கைபிடி

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டேன். கையில் பெற்றோலும் ஒயிலும் கலந்த மணம் இன்னும் போகவில்லை. நீ போய் எட்டு மாதத்துக்குப் பிறகு, இன்று காலைதான் எங்கள் குழி மெசினால் குழி போட்டேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருந்து எழுதவும் முடியவில்லை. ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து முற்றத்துக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன். நீ பார்த்தால், "காலிலை சுடுதண்ணி ஊத்தின மாதிரி ஏன் ஓடித் திரியிறாய்? இரடா" என்பாய்.

நடுவில் எஞ்சின், கீழே மண்ணைத் திருகிக்கொண்டு இறங்கும் இரும்புச் சுருள், இரண்டு பக்கமும் கைபிடி. ஒன்றில் நீ, ஒன்றில் நான். அக்சிலேற்றர் என் பக்கத்தில். ஆத்திரக்காரனிடம் அதைத் தந்தது உன் பிழை என்று இப்போதும் சொல்வேன். வேலித் தூணுக்குக் குழி போட முன் நீ அலவாங்குக் கம்பியால் நிலத்தைக் குத்திப் பார்ப்பாய். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கத்தால் போகிறது என்று வளவுக்காரரைக் கேட்டே களைக்கப் பண்ணுவாய். துணி சுருளில் மாட்டும் என்று, இடுப்பில் சாரம் கட்டிய ஒருவரையும் கிட்ட விடமாட்டாய். சுருளில் வேர் சுற்றினால், எஞ்சினை நிறுத்திய பிறகுதான் கை வைக்க விடுவாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். "அமத்தாதை. அது தானாத் தின்னும்" என்பாய்.

நீர்வேலி வாழைத் தோட்டத்தில் அன்று நீ ஒரு கையால்தான் பிடித்திருந்தாய். மற்றக் கையில் போன். நான் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. "சரியோ?" என்று கேட்டேன். "ஓம், ஓம்" என்றாய். அழுத்தினேன். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் சுருளைப் பிடித்துக்கொண்டது. சுருள் நின்றதும் மெசின் சுழன்றது. அந்த நேரம் நான் விரலை எடுத்திருக்க வேண்டும். பயத்தில் கை இறுகி, இன்னும் அழுத்தினேன். கைபிடி உன் மணிக்கட்டில் அடித்த சத்தம் எஞ்சினுக்கு மேலால் கேட்டது.

ஆஸ்பத்திரியில் கைக்கு மாக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ சிரித்தாய். "நான் ஓம் எண்டது உனக்கில்லை மச்சான், வீட்டுக்காரிக்கு" என்றாய். பின்னேரம் வரும்போது மா வாங்கி வருவீர்களா என்று அவள் போனில் கேட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

எங்கள் ஊரில் ஓமுக்கு எத்தனை பொருள்! கேட்கிறேன் என்பதற்கும் ஓம், விளங்கிவிட்டது என்பதற்கும் ஓம், உன் கதையை முடி என்பதற்கும் ஓம். மாக்கட்டு வெட்டிய கிழமை நீ ஒரு சட்டம் போட்டாய். மெசினடியில் ஓம் கிடையாது. இரண்டு கையாலும் பிடித்து, காலை அகட்டி ஊன்றிய பிறகு, "பிடிச்சிட்டன்" என்று சொல்ல வேண்டும். அது கேட்காமல் நான் விரலை அசைக்கக் கூடாது. அதற்குப் பிறகு எத்தனையோ தரம் கல் இடித்தது. ஒரு தரமும் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

உன்னைக் கொண்டுபோனது மெசின் அல்ல, நெஞ்சுவலி. ஒரு விடியற்காலை, கிணற்றடியில். சவப்பெட்டியின் முன்பக்கம் என் தோள்தான். தூக்க முன், பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "பிடிச்சிட்டியளோ?" என்று கேட்டேன். "ஓம், ஓம், தூக்குங்கோ" என்றார்கள். என்னால் தூக்க முடியவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் ஓம். செத்தவீடு என்றும் பாராமல் கத்தினேன். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று யாரோ என்னை விலக்கிவிட்டு, என் இடத்தில் வேறொருவரை விட்டார்கள். நான் உன்னைத் தூக்கவில்லையடா. அதுதான் என்னை இன்னும் இருக்கவிடாமல் அரிக்கிறது.

பிறகு உன் பக்கத்துக்கு ஒருவர் மாறி ஒருவராக இரண்டு பேரை வைத்து வேலை தொடங்கப் பார்த்தேன். எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் இரண்டு பேரும் ஓம் என்றுதான் சொன்னார்கள். எஞ்சினைச் சூடேற முன்னமே நிறுத்திவிட்டு அனுப்பிவிட்டேன். விற்றுவிடலாம் என்று முந்தாநாள் உன் வீட்டுக்குச் சொல்லப் போனேன். உன் மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, "பாதி மெசின் எங்கடை, அண்ணை. மற்றப் பக்கம் நான் பிடிக்கிறன்" என்றாள். இது பொம்பிளைகள் செய்யும் வேலையா என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். கல்லுக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியுமோ என்று திருப்பிக் கேட்டாள். உன்னோடு குடித்தனம் நடத்தியவள் வேறெப்படிக் கதைப்பாள்?

இன்று காலை உன் நீளக் காற்சட்டையும் உன் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வந்தாள். சப்பாத்துக்குள் துணி அடைத்திருந்தாள். அலவாங்கால் குத்திப் பார்த்தாள், குழாயை விசாரித்தாள். சொல்லைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இவளும் ஓம் என்றால் மெசினை இன்றே விற்பது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். எஞ்சின் இயங்கியது. அக்சிலேற்றரில் விரலை வைத்தேன். "சரியோ?" என்றேன்.

அவள் இரண்டு கையாலும் பிடித்து, காலை அகட்டி ஊன்றி, என்னை நேரே பார்த்தாள்.

"பிடிச்சிட்டன்."

என்னால் உடனே அழுத்த முடியவில்லை. எஞ்சினை நிறுத்தி, யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். உங்கள் பிள்ளையை அவள் கையில் கொடுக்கும்போதும் அவள் இந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் நீ கையை விடுவாயாம். பிறகு சப்பாத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, மெல்லச் சொன்னாள்.

"பெட்டி தூக்கேக்கை நீங்கள் கேட்டது எனக்கு விளங்கினது, அண்ணை. நான் வீட்டுக்குள்ளை இருந்து அந்தச் சொல்லைச் சொன்னனான். உங்களுக்குக் கேக்கேல்லை."

மூன்றாவது குழியில் கல் இடித்தது. என் விரல் தானாக அக்சிலேற்றரை விட்டுவிட்டது. அவள் கைபிடியை விடவில்லை. நாளைக்கு இன்னும் பதினொரு குழி இருக்கிறது.