பஞ்சு போன்ற பெடல்

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரித்துவிட்டுத் திட்டுவதுதான் முறை. இன்று எனக்கு அந்தப் பொறுமை இல்லை. போனில் பேசினால் நடுவில் புகுந்து நியாயம் பேசுவாய், மாட்டிக்கொண்டால் லைன் சரியில்லை என்பாய். காகிதத்தோடு அப்படிச் சண்டை போட முடியாது. கடைசி வரை படி.

உன் மனைவிக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. உன் மகள் வாலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அது உன் புண்ணியம் இல்லை, அவளுடைய புத்தி.

நடந்ததை நீ முழுதாகக் கேட்கவே இல்லை, அதனால் நான் சொல்கிறேன். காரைச் சும்மா நிறுத்தினால் வீணாகிவிடும், அவ்வப்போது எடுத்து ஓட்டு என்று சொல்லிவிட்டு வெளியூர் வேலைக்குப் போனவன் நீ. அவளும் ஆபீசுக்கு எடுத்துப் போனாள். பள்ளி விடுமுறை என்பதால் வாலும் கூட இருந்தாள். மாலையில் மாடிப் பார்க்கிங்கிலிருந்து சரிவில் இறங்கியபோது முதல் வளைவில் பிரேக் பிடித்திருக்கிறது. அடுத்த வளைவில் பெடல் தரையோடு போய்விட்டது. கீழே கேட்டின் முன்னால் ஆட்கள் நின்றிருந்தார்கள். பெடலை மறுபடி மறுபடி மிதித்து, கியரை இறக்கி, அப்படியும் நிற்காமல் வண்டியைச் சுவரோடு உரசவிட்டு நிறுத்தியிருக்கிறாள். குழந்தை உட்கார்ந்திருந்த பக்கத்தை அல்ல, தன் பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்தாள். ஒரு கையால் ஸ்டியரிங், மறு கை வாலின் நெஞ்சுக்குக் குறுக்கே. அந்தக் கைதான் டேஷ்போர்டில் மோதி உடைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் செய்தாள். கை முடியாததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தது உனக்குத் தெரியாது. "எந்தப் பக்கம் உரசுச்சு? ரிம் தப்பிச்சுதா?" என்று கேட்டாய். "வலது பக்கம்" என்று பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தாள். எனக்கு வந்த வெட்கத்தை எங்கே போய் வைப்பேன்?

வண்டியை என் பட்டறைக்கு இழுத்து வந்தேன். லீவுக்கு வரும்போது நீ ஓட்டுவதுபோல் ரேஸ் டிராக்கில் ஓட்டினால் பிரேக் ஆயில் கொதிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. சரி. என்னிடம் கொண்டுவா என்றதற்கு, வீடியோ பார்த்து நானே செய்வேன் என்றாய். செய்தாய். முன் சக்கரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரில், ஆயிலில் புகுந்த காற்றை எடுக்கும் நிப்பிள் வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. நீ வெளியே தெரிந்ததை மட்டும் திறந்திருக்கிறாய். உள்ளே இருப்பதன் மூடியில் தூசிகூடக் கலையவில்லை. ஆயில் டப்பாவையும் நடுவில் காய விட்டிருக்கிறாய், அதனால் ஏபிஎஸ் பெட்டி வரை காற்று; காற்று இருந்தால் பெடல் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆயிரம் பேரைக் கொன்றால் அரை வைத்தியன் என்பார்கள். நீ வீட்டிலிருந்தே ஆரம்பித்துவிட்டாய்.

தெரியாமல் செய்ததைக்கூட மன்னிப்பேன். என் பட்டறைக்கும் அப்படி எத்தனையோ வண்டி வருகிறது. ஆனால் அவள் உனக்குச் சொன்னாளே! "பெடல் பஞ்சு மாதிரி இருக்குங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளே! "புது ஆயில் ஊத்தினா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். உனக்கு இந்த வண்டி பழக்கமில்ல" என்றாயாம். புது ஆயில் ஊற்றினால் பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும், அட மடையா.

காற்று எடுக்க ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். "கைதானே போச்சு, கால் இருக்கு அண்ணி" என்று அவளே வந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரை மாட்டி ஏபிஎஸ் பம்பை ஓட விட்டேன். பிறகு நான் "மிதி, பிடி" என்பேன், அவள் பிடிப்பாள். நிப்பிளை மூடிவிட்டு "இப்ப விடு" என்பேன். உள்பக்க நிப்பிளில் மாட்டிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் குமிழி குமிழியாக வந்தது. இறங்கி வந்து என் பக்கத்தில் குந்தி அதையே பார்த்தாள்.

"அப்ப நான் சொன்னது நிஜம்தானே அண்ணி?"

நிஜம்தான் என்றேன்.

"அவர் சொல்லச் சொல்ல, என் கால்லதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டேன்."

அழவில்லை, தம்பி. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கையில் இருந்த ஸ்பேனரைச் சுவரில் எறியத் தோன்றியது. எறிந்தும்விட்டேன். வாலு பயந்து ஓடிவந்தாள்.

இப்போது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. காலி ரோட்டில் நானே ஓட்டிப் பார்த்தேன். சுவரில் தேய்ந்த பக்கத்தை மட்டும் தொடவில்லை, தொடவும் மாட்டேன். வந்து நீயே பார்.

உன் போனை அவள் ஏன் எடுப்பதில்லை, வாலிடமே ஏன் கொடுத்துவிடுகிறாள் என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். பட்டறை மாடி அறை காலியாக இருக்கிறதா என்று நேற்று என்னைக் கேட்டாள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அறையைப் பெருக்கித் துடைத்து, ஜன்னலுக்குத் திரை மாட்டி, சாவியைக் கொடுத்துவிட்டேன். உன்னால் வந்த உறவுதான் அவள். ஆனால் நீ விட்டாலும் நான் விடுவதாக இல்லை.

சாவி அவள் கைப்பையில் இருக்கிறது. இன்னும் குடிவரவில்லை. அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

லீவு கிடைக்காது என்று பதில் எழுதாதே. பரிசு எதுவும் வாங்கி வராதே. வந்து அவள் எதிரில் உட்கார். அவள் பேசட்டும். நடுவில் விளக்கம் சொல்லாதே. முடிக்கும் வரை கேள். அம்மா அப்பா இருந்திருந்தால் அவர்கள் சொல்லியிருப்பார்கள். இல்லாததால் நான் கத்துகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும். தனியாக நன்றாக இருக்க மட்டும் பழகிவிடாதே.

கோபம் தீராத,
உன் அக்கா