மில் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்கள்

அம்மா,

நேற்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன் மில்லைக் கேட்டேன். நம் மில்லை இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். இது நஞ்சன்கூடு பக்கம் இன்னும் ஓடுகிற ஒரு நூற்பாலையில் நான் பதிவு செய்தது. நீ வேலை பார்த்த அதே வகை மெஷின்கள். கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை, கழற்றிவிட்டேன். நீ அதற்குள் ஒரு ஆயுளையே நின்று கழித்தாய்.

அபார்ட்மென்ட் வாசலில் பழைய மில்லுக்கு ஒரு ‘நினைவுக் கூடம்’ வைக்கிறார்களாம். ஒலி அமைப்பு என் வேலை. ஒப்புக்கொண்டது உனக்காக. போன வாரம் சோதனைக்கு, மில் குவார்ட்டர்ஸ் பெண்கள் சிலரையும் வரச்சொன்னேன். நிஜ அளவில் சத்தத்தை வைத்தேன். அபார்ட்மென்ட் கமிட்டித் தலைவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் உன் பக்கத்து மெஷினில் நின்ற ரோஸி ஆன்ட்டி கையைத் தூக்கினார். எதிர்ச்சுவர் ஓரம் நின்றவர் கையாலேயே பதில் சொன்னார். உங்கள் மில் பேச்சு. ஆளுக்கொரு கைப்பெயர் இருந்ததே, அது எதையும் அவர்கள் மறக்கவில்லை. ஆன்ட்டி இல்லாத பேன்ட்டை இடுப்புக்கு மேல் இழுத்துவிட்டு, தலைவரைக் கண்ணால் காட்டினார். அது பழைய மேஸ்திரியின் கைப்பெயர். பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள்.

நிறுத்தியதும் தலைவர் வந்தார். “என்னப்பா இது, குடும்பத்தோட வர்ற இடம். ஸ்வல்ப, கொஞ்சமே கொஞ்சம் குறைச்சிடு. பின்னால புல்லாங்குழல் ஏதாவது போடு.”

“சார், இந்தச் சத்தத்துலதான் எங்கம்மாவுக்குக் காது போச்சு.”

“அதெல்லாம் இப்ப எதுக்கு? பாசிட்டிவா காட்டலாம்.”

பாசிட்டிவ். நீ டிவியை அலறவிடுவாய், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார், அந்தத் தட்டலும் உனக்குக் கேட்காது. வயதாகிவிட்டது என்றார் மில் டாக்டர். அப்போது உனக்கு ஒரு நரைகூட இல்லை. “காது போனா என்னடா, கை இருக்குல்ல” என்று நீ சிரித்தாய். குழாயடியிலிருந்தே, தெருமுனையில் கிரிக்கெட் ஆடும் என்னைக் கையால் திட்டுவாய். உன் பொறுமை எனக்கு வரவில்லை. வரவும் வேண்டாம் என்றிருந்தேன்.

கூடத்தில் பெயின்ட் அடித்த ஒரு மெஷின், புதுச்சேலை கட்டிய ஒரு பொம்மை, புல்லாங்குழல். இதைப் பார்த்துவிட்டுப் போகிற குழந்தை மில்லில் பாட்டுக் கச்சேரி நடந்ததென்றுதான் நினைக்கும்.

இன்று போய், குறைக்கமாட்டேன் என்றேன். “அப்ப வேற ஆளைப் பாத்துக்கறோம்.” பார்த்துக்கொள்ளட்டும். பதிவையும் ஸ்பீக்கர்களையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெளியே, சாலைக்கு அந்தப் பக்க பஸ் ஸ்டாப்பில் ரோஸி ஆன்ட்டி. நடுவில் ஹெப்பாள் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் ஹார்ன் அடித்தபடி நகர்ந்தன. என்ன ஆச்சு என்று கையால் கேட்டார். சத்தம் வேண்டாமாம், முடியாது என்றுவிட்டேன் என்று நானும் கையால் சொன்னேன். அவர் மூக்கு நுனியை இரண்டு முறை தட்டி, என்னைச் சுட்டிக்காட்டினார். புரியவில்லை. கடந்து போய்க் கேட்டேன். அவருக்கு நான் இன்னும் ‘மரி’, குட்டிப் பையன்தான்.

“அதுவா மரி? மில்லுல உங்கம்மா பேரு. எப்பவும் மூக்கு மேல கோவம். காதுக்கு ஏதாவது குடுங்கடான்னு மேனேஜர் ரூம் வாசல்ல நின்னு கத்தினவ.”

வீட்டில் ஒருநாளும் நீ அந்தக் கோபத்தைக் காட்டியதில்லை. எங்கே போயிற்று என்று தேடாதே, அம்மா. என்னிடம்தான் இருக்கிறது.