ஒன்பது ரவுண்ட்

திருகோணமலை
4.6.1986

அன்புள்ள முனாப் நானா,

நலம். லூயிக்குத்தான் வெற்றி என்று திரும்பவும் எழுதியிருக்கிறீர்கள். துறைமுகக் கந்தோரில் ஒன்றாக வேலை செய்த நாளிலிருந்து இதையே சொல்கிறீர்கள். ஜோ லூயியும் முகமது அலியும் ஒரே வயதில் ஒரே மேடையில் நின்றால் என்ன நடக்கும் என்று ஞாயிறு முழுவதும் யோசித்தேன். லூயி பட்டத்தை இருபத்தைந்து தடவை காத்தவர்; மறுக்கவில்லை. ஆனால் இடது கையால் குத்தியதும் அந்தக் கை சற்றுத் தாழும். அலி அதைக் காணாமல் விடுவாரா? நான் 'சுற்று' என்று எழுதினால் 'தமிழ் வாத்தியார்' என்று பகிடி பண்ணுகிறீர்கள். ஆகவே உங்கள் பாஷையிலேயே எழுதுகிறேன்: லூயியை முடிக்க ஒன்பது ரவுண்ட் போதும். பிழையாகவும் இருக்கலாம்.

அன்புடன்,
சி. குலசிங்கம்

மூதூர்
10.6.1986

அன்பின் கிளாக்கர் ஐயா,

உங்கள் அலி ஜெயித்தாரோ இல்லையோ, நான் மாட்டிக்கொண்டேன். இறங்குதுறை ஆமிச் சென்றியில், சோதனையில், சட்டைப் பையைத் துழாவினார்கள். உங்கள் கடிதம் அகப்பட்டது. தமிழ் வாசிக்கத் தெரிந்த சிப்பாய் ஒருவன், 'ஒன்பது ரவுண்ட்' என்றால் ஒன்பது வெடி என்று அவர்களின் பெரிய அதிகாரிக்குச் சொல்லிக்கொடுத்தான்.

"லூயி ஆர்?"

"குத்துச்சண்டைக்காரன், சேர்."

"இப்ப எங்க?"

"மௌத்தாகிட்டார்."

"ஆர் சுட்டது?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடையாள அட்டையை வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமைக்குள் எழுதியவர் என்னோடு இங்குள்ள முகாமுக்கு நேரில் வரவேண்டுமாம். இல்லாவிட்டால் என்னைப் பெரிய முகாமுக்கு ஏற்றுவார்களாம். நீங்கள் வரவேண்டாம். தமிழ் ஆள் உள்ளே போனால் எப்போது வெளியே விடுவார்களென்று சொல்ல ஏலாது. நானே எழுதினேன் என்று சமாளிப்பேன். மகள் ஸுல்பிகாதான் அழுகிறாள்.

முனாப்

திருகோணமலை
13.6.1986

நானா,

வரமுடியாது என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். காரணங்களை இலக்கமிட்டிருந்தேன்: பிரஷர், வயது, எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு கடல் தாண்டும் லோஞ்சில் ஏறாதது. வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் உண்மை. ஆனாலும் கிழித்துவிட்டேன். உங்கள் கையெழுத்தும் என்னுடையதும் வேறு வேறு என்று எந்தச் சிப்பாயும் கண்டுபிடிப்பான். திங்கள் முதல் லோஞ்சில் வருகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

குலசிங்கம்

திருகோணமலை
17.6.1986

அன்புள்ள நானா,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். நேற்று நடந்ததை நம்பவே முடியவில்லை. "பிழை என்னுடையது" என்று தொடங்கி அரை மணித்தியாலம் விளக்கினேன். கடைசியில் அந்தத் தமிழ் தெரிந்தவன், "சண்டை பிடிச்சுக் காட்டட்டாம்" என்றான். அறுபத்தெட்டு வயதில், முகாம் முற்றத்தில், கண்ணாடியைக் கழற்றி ஒரு சிப்பாயிடம் கொடுத்துவிட்டு உங்களுக்கெதிரே கையை மடக்கிக்கொண்டு நின்றேன்.

"கிளாக்கர் ஐயா, கால மாத்துங்க! தபால் பெட்டி மாதிரி நிக்கிறீங்க, அலி இப்படியா நிப்பார்?" என்று நீங்கள் கத்தியதும்தான் எல்லாரும் சிரித்தார்கள். அட்டை திரும்பக் கிடைத்தது அந்தச் சிரிப்புக்கு. என் விளக்கத்துக்கு அல்ல.

மூன்று வருடமாக, பாதை சரியில்லை, ஆகவே வரவில்லை என்று எழுதி வந்தேன். சரியில்லாதது பாதை மட்டுமல்ல, நானும்தான். லோஞ்சு ஓடினால் ஜூலை ஐந்தாம் திகதி, சனிக்கிழமை, வருகிறேன். லூயி விஷயம் இன்னும் முடியவில்லை. அதை நேரில் பேசுவோம். ஸுல்பிகாவிடம் சொல்லிவையுங்கள், எனக்கு உறைப்புக் கறி ஆகாது.

உங்கள்,
குலசிங்கம்