உள்ளறையில் எடுத்த படம்

காரிமங்கலம்
9.9.2024

அன்புள்ள சோபனாவுக்கு,

இங்கு நலம். நீயும் உன் அக்கா சசிகலாவும் நலமா? என் எண்ணை உன் போனில் ப்ளாக் செய்து வைத்திருக்கிறாய். தொப்பூருக்கு நேரில் வந்தால் உன் அக்கா, தன் மெஸ்ஸில் சாப்பிடும் லாரிக்காரர்கள் முன்னால் சத்தம் போடுவார். அதனால் கடிதம். கல்யாணமான இத்தனை வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம்.

பெரிய கேமரா ரிப்பேருக்கு பெங்களூர் போயிருக்கிறது. போன வாரம் ஒரு முகூர்த்தத்துக்கு, நீ விட்டுப்போன சின்ன கேமராவை எடுத்துப் போனேன். லென்ஸ் மாற்றும் கேமராவில் உள்கண்ணாடியை எடுத்துவிட்டுச் சின்னதாகச் செய்ய ஆரம்பித்த காலத்தில் வந்தது. கண் வைத்துப் பார்க்க இடமே இல்லை. மண்டப வாசல் வெயிலில், பின்னால் உள்ள திரையில் என் முகம்தான் தெரிந்தது. தாலி கட்டும் முன்பே ஒரு பேட்டரி தீர்ந்தது. கெட்டிமேளம் கொட்டியதும் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடி, பறந்து வந்த அட்சதையில் போய் நின்றது. அரிசியெல்லாம் தெளிவு, தாலி கட்டும் கை மங்கல். பெண்ணின் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்ப்பா, அரிசிக்கா கல்யாணம் பண்ணி வச்சோம்?” என்றார். இதை வைத்துக்கொண்டு நீ எப்படித்தான் எடுத்தாய்?

பெண்கள் இருந்த அறைக்குள் என்னை விடவில்லை. “சோபனா வந்தா வரட்டும், நீங்க வெளியவே இருங்கண்ணா” என்றார்கள்.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. கடை வாசல் பேனரில் நீ எடுத்த மஞ்சள் நீராட்டுப் படத்தைப் போட்டு, கீழே ஸ்டுடியோ பெயரை மட்டும் எழுதினேன். தப்புதான். உன் பெயரையும் போட்டுவிடுகிறேன். ஐப்பசியில் நிறைய வேலை இருக்கிறது. கோபத்தை விட்டு வா.

உன்
கலைவாணன்

---

தொப்பூர்
17.9.2024

மாமாவுக்கு வணக்கம்.

நலம். அக்காவும் நலம்.

அந்தக் கேமரா மெதுவானது. அது தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் என்று நம்பக் கூடாது. கெட்டிமேளத்துக்கு முன்பே பெண்ணின் கழுத்தில் ஃபோகஸ் வைத்து, ஆட்டோவை அணைத்துவிடுவேன். அப்புறம் அரிசி பறந்தாலும் பூ பறந்தாலும் அது அசையாது. வெயிலில் முந்தானையை எடுத்துத் திரைக்கு மேல் பிடித்துக்கொள்வேன். வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும். ஆளை ஜன்னலோரம் நிறுத்துவதைத் தவிர வழியில்லை.

அதில் நல்லதும் உண்டு. கண்ணில் வைக்க முடியாததால் எடுப்பவள் முகம் மறைவதில்லை. நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி பேசிக்கொண்டே எடுக்கலாம். உங்கள் பெரிய கேமராவில் கண்ணாடி தட்டும் சத்தத்துக்கே பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள். இதற்கு யாரும் திரும்புவதில்லை.

அந்தப் படம் அதனால்தான் கிடைத்தது. தீர்த்தம்மாள் அக்காவுக்குப் புருஷன் இல்லை. அண்ணன் சென்னப்பன் வீட்டில் அண்டியிருந்தவர். மகள் வெண்மதியின் மஞ்சள் நீராட்டுக்கு மணைப் பக்கமே வரக் கூடாது, முதல் மஞ்சள் அத்தைதான் வைக்கணும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பெண்ணை வெளியே கூட்டிப் போகும் முன், உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, மகள் கன்னத்தில் இரண்டு விரலால் மஞ்சள் தொட்டு வைத்தார். எங்கள் மூவரைத் தவிர அங்கே யாரும் இல்லை. எடுத்ததைத் திரையில் காட்டினேன். பார்த்துவிட்டு அழுதார். “எனக்கு ஒண்ணே ஒண்ணு போட்டுக் குடும்மா. பொட்டிக்கு அடியில வச்சிக்கறேன்” என்றார். அதற்காகத்தான் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

அதை நீங்கள் பேனராக்கி பஸ் போகும் ரோட்டில் நிறுத்தினீர்கள்.

நான் பெயர் கேட்டு வீட்டைவிட்டு வரவில்லை. முதலில் அதை இறக்குங்கள்.

சோபனா

---

காரிமங்கலம்
3.10.2024

அன்புள்ள சோபனாவுக்கு,

பேனரை இறக்கிவிட்டேன். சரியாகச் சொன்னால், பாதியைச் சென்னப்பன் கிழித்த பிறகு மீதியை நான் இறக்கினேன். “எங்க வூட்டு நல்ல காரியத்துல அவ கை வச்சத ஊருக்கே காட்டிட்டியாடா” என்று சந்தைக்கு வந்த கூட்டத்தின் முன் கத்தினார். அவர்கள் குடும்பச் சண்டைக்கு நான் என்ன செய்வேன்? பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அது உன் திறமைதானே? ஒளித்து வைப்பதற்கா எடுத்தாய்?

இப்போது ஒரு நல்ல செய்தி. தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டருக்குப் படம் கேட்டார்கள். அதையே அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். மே மாதத் தாளில் வருகிறது. கீழே உன் பெயர் மட்டும்தான். ஸ்டுடியோ பெயர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதற்கு மேல் நான் எப்படி இறங்கி வருவது, சொல்.

ஆயுத பூஜைக்கு வந்துவிடு. இரண்டு கேமராவுக்கும் நீதான் பொட்டு வைக்க வேண்டும்.

உன்
கலைவாணன்

---

தொப்பூர்
14.10.2024

திரு. கலைவாணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ஜவுளிக்கடைக்குப் போனேன். முதலாளி நல்ல மனிதர். “படத்துல உங்க பேருதானம்மா போட்டிருக்கு, எதுக்கு வேணாங்கறீங்க?” என்றார். “என் பேரு இருக்கறதாலதாங்க கேக்கறேன்” என்றேன். அந்தத் தாளுக்கு முருகன் படம் போடுகிறார்கள்.

அங்கிருந்து ஒகேனக்கல் பஸ் ஏறினேன். தீர்த்தம்மாள் அக்கா இப்போது அங்கே ஒரு மீன் வறுவல் கடையில் மீன் கழுவுகிறார். சென்னப்பன் போட்ட போர்வெல்லில் தண்ணீர் வரவில்லையாம். பேனரைப் பார்த்த ஊரார், தாலியறுத்தவள் முதல் மஞ்சள் தொட்டதால்தான் வரவில்லை என்றார்களாம். பேனரைக் கிழித்த அன்று சாயங்காலமே தாயையும் மகளையும் வெளியே அனுப்பிவிட்டார். வெண்மதி ஹாஸ்டலில் இருக்கிறாள். சீர் செய்த மாமன் வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு போன்கூட இல்லை.

நான் போட்டுக் கொடுத்த பிரிண்டை அக்கா என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “நீ காட்டினப்பவே அழிச்சிடுன்னு சொல்லியிருக்கணும் சாமி. எனக்குன்னு ஒண்ணு வேணும்னு ஆசப்பட்டேன் பாரு” என்றார். உங்களைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் நான் அங்கே இருந்த நேரமெல்லாம் அவர் கண் என் கைமேலேயே இருந்தது. டீ கிளாஸைத் தவிர என் கையில் ஒன்றும் இல்லை.

காரிமங்கலத்துக்கு நான் வரமாட்டேன். சின்ன கேமராவை விற்றுவிடுங்கள். உள்ளே இருக்கும் மெமரி கார்டை உடைத்த பிறகு விற்கவும்.

சோபனா