ஃப்ரீசரில் அவர் ஊறவைத்த கறி

திங்கள், புரட்டாசி 20

காலையில் மூட்டம். மழை இல்லை. தைக்க வேண்டிய ஜாக்கெட் மூன்று. வாங்க: கொக்கி, பச்சை நூல், தோசை மாவு. சிலிண்டர் பதிய.

கரண்ட் ஆபீஸ் செய்தி. சனிக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. படித்ததும் தையல் மிஷின் ஞாபகம் வரவில்லை. ஃப்ரீசர்தான்.

உள்ளே நீல மூடி டப்பா. ஆவணியில் போர்வெல் ரிக் வண்டி வேலைக்குக் கிளம்பும் முன் அவர் ஊறவைத்தது. எப்போதும் அப்படித்தான். கோழி, தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு, எலுமிச்சை. உப்பு மட்டும் கடைசியில்தான், முதலிலேயே போட்டால் கறி இறுகிவிடும் என்பார். போர் போடும் இடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் வரும். ஸ்பீக்கரில் போட்டு, பருப்பு டப்பாமேல் சாய்த்து வைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் வறுப்பேன்.

இந்த முறை போன் செய்தது வேறு ஆள். சட்டீஸ்கரில், படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு கருமாதி. உடனே புரட்டாசி. வீட்டில் கறி கிடையாது. டப்பா அங்கேயே.

கருமாதியன்றும் எனக்கு அழுகை வரவில்லை. கண் எரிந்தது, அவ்வளவுதான். பின்னால் யாரோ: "கல்லாட்டம் உக்காந்திருக்கறா பாரு."

புதன், 22

வெயில். கோழி விலை இறங்கிவிட்டதாம், முட்டையும். புரட்டாசியில் யார் வாங்குகிறார்கள்.

நங்கையா வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, பக்கத்து வீடு. பூவை ஃப்ரிட்ஜில் வைக்க வந்தவர் டப்பாவைப் பார்த்துவிட்டார். செத்தவன் கை வைத்ததை இன்னுமா வைத்திருக்கிறாய், அதுவும் இந்த மாதத்தில் என்றார். "அக்கட்டால கொண்டு போய்க் கொட்டீரு சாந்தி. நாயாச்சும் திங்கட்டும்."

கெட்டவர் இல்லை. நான் சாப்பிடாமல் கிடந்தபோது ரசம் சோறு பிசைந்து கொடுத்தவர். சரிங்க என்றேன். கொட்டவில்லை. சட்டை, வேட்டி எல்லாம் கருமாதியன்றே கொடுத்தாகிவிட்டது. அவர் கை பட்டதில் மிச்சம் இது ஒன்றுதான். கெட்டுப்போக விடமாட்டேன்.

வியாழன், 23

சாயங்காலம் தூறல். பேக்கரியில் ஜெனரேட்டர் உண்டு. சனிக்கிழமை ஒரு பகல் மட்டும் வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். "கேக்கு வெக்கற எடமுங்க. அதும் கடேசிச் சனிக்கெழம. தப்பா நெனச்சுக்காதீங்கக்கா."

தப்பாக நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை. சும்மா நடந்து வந்தேன். கொக்கி வாங்க மறந்தாயிற்று.

சமைத்துவிட வேண்டியதுதான். நாளைக்கு மகள் நித்யா ஈரோட்டு ஹாஸ்டலிலிருந்து வருகிறாள். போனில் சொன்னேன். தான் வந்தபிறகுதான் அடுப்புப் பற்றவைக்க வேண்டும் என்றாள்.

வெள்ளி, 24

காலையிலேயே டப்பாவை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றினேன். சாயங்காலம் நித்யா வந்து சேர்ந்தபோது இளகியிருந்தது. திறந்தால் பூண்டு வாசனை. கெடவில்லை.

விளக்கு ஏற்றிய கையோடு கறி. வெள்ளிக்கிழமை, புரட்டாசி. சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். எடுத்துக்கொள்ள இனி என்ன இருக்கிறது.

வடசட்டி, கடலெண்ணெய், வரமிளகாய், சின்ன வெங்காயம். கறியைப் போட்டேன். பழக்கத்தில் போனைப் பருப்பு டப்பாமேல் சாய்த்துவிட்டிருக்கிறேன். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் வறுத்தும் நான் கற்றுக்கொள்ளவே இல்லை. அவர்தான் சொல்லிவிடுவாரே. கரண்டியோடு நின்றேன்.

நித்யா பின்னாலிருந்து சொன்னாள். அவர் பேச்சு, அப்படியே.

"தீயக் கொறச்சுட்டயா? தண்ணி ஊத்தீராத, கறியே தண்ணி உடும். மூடி வெய்யி."

மூடினேன். கொஞ்சம் கழித்து, "இப்பத் தொற. கெளறு புள்ள, அடி புடிக்குது."

பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அடுப்படியில் உட்கார்ந்து படித்தவள். எல்லாம் மனப்பாடம். அவள் சொல்லச் சொல்ல வறுத்தேன். கறுத்து, சுருண்டு, எண்ணெய் பிரிந்து வந்தது.

நங்கையா வீட்டில் சன்னலைச் சாத்தும் சத்தம்.

இரண்டு பேரும் சட்டியோடு உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டோம். எனக்கு ருசி எதுவும் தெரியவில்லை. ஆவணியிலிருந்தே எதிலும் தெரிவதில்லை.

சட்டி கழுவ எழுந்தபோதுதான் பார்த்தேன். உப்பு ஜாடி மூடி திறக்காமல் இருக்கிறது. போடவே இல்லை. கடைசியில் "உப்புப் போட்டயா"ன்னு அவர் கேட்பார், அதற்கப்புறம்தான் போடுவேன்.

நித்யாவிடம் கேட்டேன், உனக்குமா தெரியவில்லை என்று. அடுப்பில் இருக்கும்போதே தெரியுமாம்.

"அதையும் நானே கேட்டுட்டா, அப்பா கேக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காதுங்களேம்மா."

ஜாடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அழுதேன். சத்தம் போட்டு, ஊர் கேட்க. நங்கையா வீட்டுச் சன்னல் திறந்தது.