புகை வராத வீடுகள்

அன்பு மகளுக்கு அப்பா சொல்ல, அடுத்த வீட்டுத் தையல்காரன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்கணும். நான் இங்கே எழுந்து நடமாடுகிறேன், இன்றைக்கு அது போதும்.

நம்ம மருத்துவச்சி போய்விட்டாள் அம்மாடி. உன்னைத் தலைகீழாய்ப் பிடித்து முதுகில் தட்டி அழவைத்த கைக்காரி. காட்டுக்குள் இருந்தவரைக்கும் விடிந்ததும் நம்ம சனம் முகம் கழுவுமுன்னே எல்லாக் கூரையையும் ஒரு பார்வை பார்க்கும், எந்த வீட்டில் புகை வரவில்லையோ அங்கே பக்கத்து வீட்டுக்காரர் நெருப்பும் தண்ணியும் எடுத்துக்கொண்டு போகணும், ஜென்மப் பகையாய் இருந்தாலும் போகணும். உன் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத உன் சித்தப்பன்தான் முதலில் வந்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டே விறகை அடுக்கினான். கிழடு கட்டை, தாயில்லாப் பிள்ளை எல்லாம் அப்படித்தான் பிழைத்தது. இந்த வரிசை வீடுகளுக்கு நம்மை இறக்கி, ஆளுக்கொரு கேஸ் அடுப்பு கொடுத்து, புகையில்லாக் குடியிருப்பு என்று அதிகாரி பலகை மாட்டினபோது எல்லாரும் கை தட்டினோம், இருமல் விட்டதே என்று. கூரையைப் பார்க்கிறதும் அன்றோடு விட்டது. அவள் உள்ளே விழுந்து கிடக்க, அவள் வாசலைத் தாண்டித்தான் ஊரே குழாயடிக்குப் போய் வந்தது. நாற்றம் வந்தபிறகு கதவை உடைத்தோம். கதவின் உட்பக்கம், கீழே, நகக் கீறல் இருந்தது.

அன்றிலிருந்து நான் கொல்லையில் கல் கூட்டிச் சுள்ளி எரிக்கிறேன். அதிகாரி அபராதம் என்கிறார். பெரியப்பா உனக்குச் சாவு பயம் புடிச்சிருச்சு என்கிறான் இவன், அதையும் எழுதுடா என்றேன், எழுதுகிறான். கூட எரித்தவர்கள் ஒவ்வொருவராய் விட்டுவிட்டார்கள், கோடி வீட்டுக் கொத்தனார் ஒருத்தன்தான் பாக்கி. நேற்று அவன் வீட்டிலும் புகை இல்லை, போய்த் தட்டினேன், காய்ச்சலா இருக்கு தூங்க விடுய்யா என்று உள்ளேயிருந்து வைதான். இன்றைக்கும் புகை இல்லை, தட்டினதற்கு வசவும் இல்லை. வேலைக்குப் போயிருப்பான் என்கிறான் இவன். மருத்துவச்சியையும் அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள் என்றுதானே சொன்னோம் என்றேன்.

நீ தினம் விடிந்ததும் இவனுக்குப் போன் பண்ணு. என்னைக் கூப்பிடாதே, நான் எப்படி இருந்தாலும் நல்லாத்தான் இருக்கேன் என்பேன். கொல்லையில் புகை வருதா என்று கேள், எட்டிப் பார்த்துச் சொல்லச் சொல். மறந்துவிடாதே கண்ணு. பேரனைக் குளிரில் விடாதே. மூணு பேரும் தழைத்து நிற்கணும். கடப்பாரை எடுக்கச் சொல்லிவிட்டேன், கோடி வீட்டுக்குப் போகணும், இத்தோடு நிறுத்துகிறேன்.

உன் அப்பா
(இடது பெருவிரல் ரேகை)